கரண்ட் நோட்டு

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் பேருந்து பைக்காராவை நெருங்கும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. ஜூன் மாதக் கடைசி. ஷட்டரை இறக்கிவிட்டு, மடியில் வைத்திருந்த நோட்டை பாலிதீன் பைக்குள் பத்திரப்படுத்தினேன். மளிகைக் கடைகளில் பற்று எழுதுவார்களே, அந்த மாதிரி நீள நோட்டு. அட்டையில் பால்பாயிண்ட் பேனாவால் நாலைந்து முறை அழுத்தி எழுதிய ஒரே சொல்: ‘கரண்ட்’. எழுதியவர் என் தாய்மாமா.

கோவை கணபதியில் அவருக்கு ஒரு லேத் பட்டறை இருந்தது. மூன்று லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு ஷேப்பர், ஐந்து ஆட்கள். பம்பு கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் கூலி வேலை. 2008 நவம்பரில் நோட்டைத் தொடங்கியிருக்கிறார். 2013 பொங்கலோடு எழுத்து நின்றுவிடுகிறது. அந்த மாசியில் பட்டறையை மூடிவிட்டார்.

ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பத்திகள். ஒன்றில் கரண்ட் வரும் என்று சொன்ன நேரம், இன்னொன்றில் வந்த நேரம். ‘9.10 போச்சு. 10.10 வரும்னாங்க. 10.50 வந்துச்சு. 11.05 மறுபடி போச்சு.’ ஓரத்தில் ‘ஆள் 5, சும்மா 1.40’ என்று ஒரு கணக்கு. ஐந்து பேரும் ஒரு மணி நாற்பது நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள் என்று பொருள். நாலு வருடத்துக்கும் மேல் இப்படியே.

மின்சாரத்தையும் தொழிலையும் பற்றி எழுத வேண்டும் என்று அவரிடம் சொன்னபோதுதான் பரணிலிருந்து இதை எடுத்துத் தந்தார். கரண்ட் உற்பத்தியாகும் மலையில் தொடங்கி அது இறங்கி வந்த வழியாகவே நானும் வரப்போகிறேன் என்றேன். எழுபத்தொரு வயது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “போறதுதான் போற கண்ணு, மலையில மழை எப்படின்னு பாத்துட்டு வந்து சொல்லு” என்றார். பட்டறையே இல்லாத மனிதருக்கு மலையில் பெய்யும் மழை எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

பைக்காரா ஆறு தோடர்களுக்குப் புனிதமானது. சுற்றுலாப் பயணிகளுக்கு அது படகுத்துறையும் அருவியும். அன்று படகு ஓடவில்லை. நான் கிளென்மார்கனுக்குப் போனேன். தேயிலைத் தோட்டம் முடிகிற இடத்தில் மலை சட்டென்று கீழே விழுகிறது. அங்கிருந்து தண்ணீரைக் குழாய்களில் அடைத்து ஏறத்தாழ 3000 அடி கீழே இறக்கி, அடிவாரத்தில் சிங்காராவில் உள்ள மின்நிலையத்தில் சக்கரத்தைச் சுழற்றுகிறார்கள். குழாய்களை ஒட்டிச் சரிவில் தண்டவாளமும் அதில் கம்பிவடத்தால் இழுக்கப்படும் விஞ்ச் வண்டியும் உண்டு. பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. பனிமூட்டத்தில் குழாய்களின் மேல்பாதி மட்டும் தெரிந்தது. கீழே என்ன இருக்கிறது என்று தெரியாத வெண்மைக்குள் அவை இறங்கிப் போயின.

1932-ல் இந்த மின்நிலையம் ஓடத் தொடங்கியது. சென்னை மாகாண அரசில் சர் சி.பி. ராமசாமி ஐயர் முன்னின்று நடத்திய திட்டம். அந்தக் காலத்தில் உலகிலேயே மிக உயரத்திலிருந்து தண்ணீரை விழவைத்த மின்நிலையங்களில் ஒன்று. இன்று அதன் திறன் 60 மெகாவாட்டுக்கும் சற்றுக் குறைவு. தமிழ்நாட்டின் உச்சத் தேவை 2024 கோடையில் 20,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அந்தக் கணக்கில் பைக்காரா ஒரு துளி. ஆனால் கோயம்புத்தூரை ஆக்கியது அந்தத் துளிதான். 1888-ல் ஸ்டேன்ஸ் துரை தொடங்கிய நூற்பாலைக்குப் பிறகு மெதுவாக நகர்ந்துகொண்டிருந்த ஊர், பைக்காரா கரண்ட் கம்பி வழியாக வந்து சேர்ந்த பத்தாண்டுக்குள் ஆலை ஊராக மாறியது. கரிசல் பருத்தியும் வறண்ட காற்றும் முன்பே இருந்தன. கடன் கொடுத்து வாங்கும் பழக்கமும் இருந்தது. இல்லாதிருந்தது மலிவான, நம்பகமான சக்தி. ஆலை வந்தால் ஆலைக்கு உதிரி பாகம் வேண்டும், அதற்குப் பட்டறை வேண்டும். கிணற்றில் நீர் இறைக்க மோட்டார் வேண்டும். 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்துகாட்டினார்கள். என் மாமா கடைந்த ஷாஃப்டுகளின் குலமுறை இந்தக் குழாய்களில்தான் ஆரம்பிக்கிறது.

குழாயை வெறித்தபடி நின்றபோது ஓர் ஆய்வு நினைவுக்கு வந்தது. ஹன்ட் ஆல்காட், ஆலன் கொலார்ட்-வெக்ஸ்லர், ஸ்டீபன் ஓ’கானல் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் 2016-ல் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’ இதழில் வெளியிட்டது. இந்திய ஆலைகளை மின்பற்றாக்குறை எவ்வளவு பாதிக்கிறது என்பது கேள்வி. பார்க்க எளிதாகத் தோன்றும், ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. தொழில் வேகமாக வளரும் ஊரில்தான் மின்சாரம் போதாமல் போகும். வெறுமனே இரண்டையும் ஒப்பிட்டால் மின்வெட்டால் தொழில் வளர்ந்தது போலக்கூடத் தெரியும். அதனால் அவர்கள் மழையைப் பிடித்துக்கொண்டார்கள். அணைகளுக்கு நீர் குறைந்த வருடங்களில் நீர்மின்சாரம் குறையும். அந்தக் குறைவுக்கும் ஆலை முதலாளியின் திறமைக்கும் சம்பந்தமில்லை. அப்படி மழை உண்டாக்கிய பற்றாக்குறையை மட்டும் பிரித்தெடுத்து அதன் விளைவை அளந்தார்கள். மாமா கேட்ட கேள்வியும் அதே மழையைப் பற்றியதுதான் என்பது அங்கே நின்றபோது உறைத்தது.

சிங்காராவில் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் போகும் தண்ணீர் மாயாறாகி, பவானிசாகர் அணைக்குப் போய், ஈரோட்டுப் பக்கத்து மஞ்சளுக்கும் நெல்லுக்கும் பாய்கிறது. கரண்ட் வேறு வழியில், கோபுரம் கோபுரமாக மலையிறங்குகிறது. நான் குன்னூர் வழியாக மேட்டுப்பாளையத்துக்குப் பேருந்தில் இறங்கினேன். கல்லாறு தாண்டியதும் மழை நின்றது. வெயில்.

மறுநாள் கோவையின் கிழக்குப் பக்கம் ஒரு வார்ப்படத் தொழிற்சாலை. ஃபவுண்டரி என்றே எல்லோரும் சொல்கிறார்கள். அதன் முதலாளி மாமாவுக்குப் பழக்கமானவர், அறுபதை நெருங்குபவர். நான் போன நேரம் ஒரு ஹீட், அதாவது ஓர் உலை இரும்பு, உருகிக்கொண்டிருந்தது. தூண்டல் உலைக்கு நெருப்பு கிடையாது. தாமிரக் குழாயைச் சுருளாகச் சுற்றி, அதில் மின்சாரம் பாய்ச்சி, நடுவில் உள்ள இரும்பைத் தானே சூடாகவைக்கிற உலை அது. ஒரு டன் இரும்பை உருக்க ஏறத்தாழ 600 யூனிட் பிடிக்கும். இரும்பு 1400 டிகிரியைத் தாண்டியதும் லேடிலில் ஊற்றி மணல் அச்சுகளுக்குக் கொண்டுபோகிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் கரண்ட் போனால்?

“மொதல்ல தண்ணியைப் பாக்கோணும் தம்பி” என்றார். தாமிரச் சுருளுக்குள் ஓயாமல் குளிர்ந்த நீர் ஓட வேண்டும். கரண்ட் நின்றால் பம்பும் நின்றுவிடும். சுருள் ஓட்டையாகித் தண்ணீர் உருகிய இரும்பில் பட்டால் வெடிக்கும். அதற்காகக் கூரைமேல் ஒரு தொட்டி. கரண்ட் போன நொடியில் அதிலிருந்து தண்ணீர் தானாக இறங்கும்படி செய்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு சின்ன டீசல் எஞ்சின். தண்ணீர் சரியானால் அடுத்தது இரும்பு. மேலே ஏடு படியத் தொடங்கும். அரை மணிக்குள் வந்தால் மறுபடி உருக்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் அவ்வளவையும் மணலில் கொட்டிவிட வேண்டும். கொட்டத் தவறினால் உலைக்குள்ளேயே உறைந்து, கேஸ் வைத்து அறுத்து, உலையின் உட்பூச்சை உடைத்து எடுத்து, புதிதாக லைனிங் அடித்து, பதமாகச் சுட்டு, மீண்டும் தொடங்க வேண்டும். இரண்டு மூன்று நாள் போய்விடும்.

“சொல்லிட்டு நிறுத்துனா நாங்க ஒலையை நெரப்பவே மாட்டோமுங்க தம்பி. ராத்திரி வேலை வெச்சுக்குவோம். சொல்லாம நிறுத்துனாத்தான் எல்லாம் போச்சு.”

மாமாவின் நோட்டில் ஏன் இரண்டு பத்திகள் என்பது அப்போது தெளிந்தது. கரண்ட் இல்லாத நேரத்தை மட்டும் குறித்துவைக்க நினைத்திருந்தால் ஒரு பத்தி போதும். சொன்ன நேரத்துக்கும் வந்த நேரத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைத்தான் அவர் நாலு வருடத்துக்கும் மேல் அளந்திருக்கிறார்.

அந்த வருடங்களை மறந்தவர்களுக்காகக் கொஞ்சம். 2000-க்குப் பிறகு தமிழ்நாட்டில் தொழிலும் வீடுகளும் வேகமாகப் பெருகின. அதற்கு ஈடாகப் புதிய மின்நிலையங்கள் வரவில்லை, தொடங்கியவையும் இழுத்தன. 2008 நவம்பரில் உயரழுத்த இணைப்புள்ள ஆலைகளுக்கு 40 சதவீத மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. மாலை 6 முதல் 10 வரை ஆலையில் விளக்கெரிக்க மட்டுமே அனுமதி என்ற நிலை. 2011-ல் ஆட்சி மாறியது, வெட்டு மாறவில்லை. 2012 இறுதியில் பற்றாக்குறை ஏறக்குறைய 4000 மெகாவாட். சென்னைக்கு இரண்டு மணி நேர வெட்டு, கோவை உள்ளிட்ட மாவட்டங்களுக்குப் பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம். வெளியிலிருந்து வாங்கலாம் என்றால் கொண்டுவரக் கம்பி இல்லை. தென்னக மின்தொகுப்பு நாட்டின் மற்ற தொகுப்போடு முழுமையாக இணையாமல் தனித்து நின்றது. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட, கிழக்கு, வடகிழக்கு இந்தியா இருண்டு 60 கோடிப் பேருக்கு மேல் தவித்தபோது தெற்கு தப்பித்தது இந்தத் தனிமையால்தான். அதே தனிமைதான் இங்கே வேண்டிய நேரத்தில் மின்சாரத்தை வரவிடாமல் தடுத்தது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை இணைந்ததும் அந்தச் சுவர் உடைந்தது. வல்லூர், மேட்டூர், வடசென்னை அனல் நிலையங்களின் புதிய அலகுகளும் கூடங்குளமும் அடுத்தடுத்து வந்தன. மாமா பட்டறையை மூடி முழுதாக ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

ஃபவுண்டரிக்காரர் எப்படித் தாக்குப்பிடித்தார்? ஜெனரேட்டர். ஒரு லிட்டர் டீசலில் மூன்று, மூன்றரை யூனிட் கிடைக்கும். அன்றைய டீசல் விலைக்கு யூனிட் 14 ரூபாயை ஒட்டி வந்தது. கம்பியில் வரும் கரண்டைப் போல இரண்டரை மடங்கு. நஷ்டத்துக்கு உருக்கினார், ஆனால் வாடிக்கையாளரை இழக்கவில்லை. பெரிய ஜெனரேட்டர் வாங்க அவருக்கு வங்கி கடன் கொடுத்தது. கடன் கிடைக்கும் அளவுக்கு அவர் பெரியவர்.

அந்தப் பொருளாதார அறிஞர்கள் மூவரின் ஆய்வு சொல்வதும் இதைத்தான். மின்பற்றாக்குறை சராசரி ஆலையின் வருமானத்தை 5 முதல் 10 சதவீதம் வரை குறைக்கிறது. ஆனால் உற்பத்தித்திறனில் விழும் அடி அதைவிடக் குறைவு. பஞ்சும் இரும்பும் கெட்டுப்போகாது. கரண்ட் வரும்வரை கிடங்கில் கிடக்கும், பிறகு பயன்படும். ஜெனரேட்டர் பெரிதாகப் பெரிதாக யூனிட்டுக்கு ஆகும் செலவு குறையும்; அதனால் சிறிய ஆலைக்குத்தான் அடி பலம். எனக்கு இந்த முடிவுகளில் சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்ட புள்ளிவிவரம், ஆண்டுதோறும் நடக்கும் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு. மின்சாரம் பயன்படுத்துகிற இடமென்றால் குறைந்தது பத்துப் பேர் வேலை செய்தால்தான் அந்தக் கணக்கில் வரும். மாமாவின் பட்டறையில் ஐந்து பேர். கணபதி, ரத்தினபுரி, பீளமேட்டுச் சந்துகளில் இருந்த ஆயிரக்கணக்கான பட்டறைகளும் அப்படித்தான். அவற்றின் அந்த வருடங்கள் எந்த அட்டவணையிலும் இல்லை.

கிடங்கில் இரும்பு கிடக்கும் என்பது சரி. ஆள் எங்கே கிடப்பான்? இதை யாரும் சொல்லாமலே நோட்டிலிருந்து எடுத்தேன். 2011 முழுக்க ‘ஆள் 5’ என்று வருகிறது. 2012 ஆடியில் ‘ஆள் 4’. ஐப்பசியில் ‘ஆள் 2’. பகலில் கரண்ட் இல்லை என்று ராத்திரி வேலை வைத்தார். ராத்திரி வேலை முடித்து வெடியால வீட்டுக்குப் போனவன் பகலில் தூங்க வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே மின்விசிறி சுற்றாது. தூங்காத கண்ணோடு மறுபடி வந்து லேத்தில் நிற்பான். ‘கை’ என்று ஒரு நாளுக்கு எதிரே ஒற்றைச் சொல் எழுதியிருக்கிறது. யார் கை, எவ்வளவு என்று நான் இதுவரை மாமாவிடம் கேட்கவில்லை.

மதியத்துக்கு மேல் சோமனூர். கருமத்தம்பட்டியில் இறங்கும்போதே தறிச் சத்தம் காதில் விழத் தொடங்கிவிடும். என் அத்தை மகள் வீட்டில் தங்கினேன். வீட்டை ஒட்டியே தறி குடோன், எட்டுத் தறி. பாவும் ஊடை நூலும் கொடுப்பவர் கொடுப்பார்; துணியாக்கிக் கொடுத்தால் மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. இங்கே லாபம் என்று தனியாக ஒன்று கிடையாது. தறி ஓடிய நேரம்தான் வருமானம். விசைத்தறிகளுக்கு அரசு குறிப்பிட்ட யூனிட்வரை இலவச மின்சாரம் தருகிறது. 2023-ல் அதை இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட்டாக உயர்த்தியது. அந்த இலவசம் இல்லாவிட்டால் பாதித் தறி பழைய இரும்புக்குப் போயிருக்கும் என்றார் அவள் கணவர்.

அவர் எனக்கு ஒரு துணியை விரித்துக் காட்டினார். வெளுக்காத காடாத் துணி. விளக்குக்கு நேராகப் பிடித்தால் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று, மயிரிழை மாதிரி. ஓடிக்கொண்டிருந்த தறி கரண்ட் போய் நின்று, மறுபடி ஓடத் தொடங்கிய இடம் அது. நின்ற நேரத்தில் பாவு தளர்ந்து, முதல் சில ஊடை சற்று நெருங்கியோ விலகியோ விழுந்துவிடும். சாயம் போட்டால் அந்தக் கோடு பளிச்சென்று தெரியும். துணியைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவர் அதைக் காட்டிக் கூலியைப் பிடிப்பார். “கரண்ட் போன நேரத்துக்கும் கூலி கெடையாது. போகாத நேரத்துல நெஞ்ச துணிக்கும் பிடித்தம். ரெண்டு பக்கமும் அடிங்க” என்றார். கரண்ட் திரும்பி வந்ததும் எட்டுத் தறியையும் ஒன்றாகப் போடக்கூடாது, ஃபியூஸ் போய்விடும். ஒன்று, பிறகு ஒன்று. எட்டாவது தறி ஓடும்போது கால் மணி கழிந்திருக்கும்.

இப்போது 2012 இல்லை. மாதத்தில் ஒருநாள் பராமரிப்பு என்று நாளிதழில் முன்கூட்டியே போடுகிறார்கள். மற்றபடி காற்றில் மரக்கிளை விழுந்தால், மழையில் கம்பி அறுந்தால் போகும். சிறுதொழில்காரர்களின் இன்றைய கவலை கட்டணம். 2022 செப்டம்பரில் உயர்த்திய நிலைக்கட்டணத்தையும் உச்ச நேரக் கட்டணத்தையும் எதிர்த்து அடுத்த வருடம் செப்டம்பரில் மாநிலமெங்கும் கதவடைப்பு நடத்தினார்கள். மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய பணம் நிலைக்கட்டணம். ஆர்டர் இல்லாத மாதத்தில் சின்னப் பட்டறையை அது எப்படி நெரிக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்த விஷயத்தில் நான் அவர்கள் பக்கம்.

அன்றிரவு காற்று பலமாக இருந்தது. தறிச் சத்தத்தில் தூக்கம் வருமா என்று பயந்திருந்தேன். பத்து நிமிடத்தில் தூங்கிப்போனேன். இரண்டு மணி சுமாருக்குத் திடுக்கிட்டு விழித்தேன். என்ன கேட்டது என்று யோசித்தேன். எதுவும் கேட்கவில்லை. கரண்ட் போயிருந்தது. தெருவே சத்தமற்றுக் கிடந்தது. தொட்டிலில் இருந்த ஏழு மாதக் குழந்தை வீல் என்று அழத் தொடங்கியது. “தறி நின்னா முழிச்சுக்குவா” என்று அத்தை மகள் இருட்டில் தொட்டிலை ஆட்டினாள். “வயித்துல இருந்தப்பவே இந்தச் சத்தந்தான்.” பக்கத்து வீடுகளிலும் குழந்தைகளின் அழுகை கேட்டது.

தூக்கம் கலைந்ததால் போன் வெளிச்சத்தில் மாமாவின் நோட்டை எடுத்தேன். கை தவறித் தலைகீழாகத் திறந்தது. பின்பக்கத்திலிருந்தும் எழுதியிருக்கிறார், இத்தனை நாள் நான் பார்க்கவில்லை. தலைப்பு ஏதுமில்லை. தேதி, கம்பெனி, எண்ணிக்கை. ‘ஷாஃப்ட் 400. வேண்டாம்னுட்டேன்.’ ‘200. பத்து நாள்ல கேக்கறாங்க. முடியாது.’ ‘ஆமதாபாத் ஆளுக்குப் போச்சு.’ இரண்டரைப் பக்கம். அந்த வருடங்களில் கோவையின் பம்பு வியாபாரம் குஜராத் பக்கம் நகர்ந்தது என்று இங்குள்ளவர்கள் எல்லோரும் சொல்வார்கள். நகர்ந்த விதம் இந்த இரண்டரைப் பக்கத்தில் இருந்தது.

கடைசி அட்டைக்குள் நாலாக மடித்த ஒரு தாள். 2008 ஆரம்பத்தில் ஒரு சிஎன்சி லேத்துக்கு வாங்கிய விலைப்பட்டியல். கணினி சொல்வதைக் கேட்டுத் தானே கடையும் இயந்திரம். கையால் கடையும் லேத்தில் கரண்ட் போனால் உளியைப் பின்னால் இழுத்துவிட்டு உட்காரலாம். வந்ததும் விட்ட இடத்தில் தொடரலாம். சிஎன்சி பாதியில் நின்றால் உளி உடையும், ஜாப் குப்பைக்குப் போகும், அளவை மறுபடி முதலிலிருந்து பிடிக்க வேண்டும். தாளின் மூலையில் பென்சிலில் மாமாவின் கையெழுத்து: ‘வாங்கலாம். கரண்ட் எப்படின்னு பாத்துட்டு.’

அந்த இயந்திரம் வந்திருந்தால் மூன்று லேத்தின் வேலையை ஒன்றே செய்திருக்கும். வராததால் அவருக்கு எவ்வளவு நஷ்டம் என்று எந்த ஆய்வாளரும் எப்படி அளப்பார்? ஓடாத மணியைக் கணக்கிடலாம். டீசலைக் கணக்கிடலாம். வாங்காத இயந்திரத்துக்கும் ஏற்காத ஆர்டருக்கும் ரசீது கிடையாது. ஓர் ஊரே தன் பழைய லேத்தோடு நின்றுவிடுவதற்கு நாலைந்து வருடம் போதும். மின்வெட்டு நீங்கிய பிறகும் அந்த வருடங்கள் திரும்பி வருவதில்லை.

மூன்றே காலுக்குத் தெருக்கோடியில் முதல் தறி ஓடத் தொடங்கியது. பிறகு எங்கள் குடோனில் ஒன்று, இன்னொன்று. நான்காவது தறிக்குக் குழந்தை அடங்கிவிட்டது.

மறுநாள் பல்லடம் தாண்டி உடுமலைச் சாலையில் போனேன். பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கிலிருந்து வரும் காற்று மே மாதம் தொடங்கிச் செப்டம்பர்வரை இந்தச் சமவெளியில் வீசும். சோளக்காட்டுக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவே காற்றாலைகள். பல, நூற்பாலைகள் தங்கள் தேவைக்காக முதல் போட்டு நிறுத்தியவை. நெருக்கடியின் உச்சத்தில், 2012-ல், தமிழ்நாட்டில் ஏறத்தாழ 7000 மெகாவாட் காற்றாலை இருந்தது. ஆனி, ஆடியில் அது கைகொடுத்தது. புரட்டாசி முடிந்து காற்று ஓய்ந்ததும் அவ்வளவும் கையை விரித்தது. நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். அப்படியே இருந்தது: ஆடியில் குறிப்புகள் மெலிந்து, ஐப்பசியில் பக்கம் கொள்ளாமல் ஓரத்திலெல்லாம் வழிகின்றன. காற்றாலை பற்றி ஒரு வார்த்தைகூட எழுதாமல் மாமா அத்தனை வருடக் காற்றையும் எழுதி வைத்திருந்தார்.

வழியில் பெருமாநல்லூர் நினைவு வந்தது. திருப்பூருக்கு வடக்கே, நான் போன பாதையில் இல்லை. 1970 ஜூனில் யூனிட்டுக்கு ஒரு பைசா உயர்வை எதிர்த்த போராட்டத்தில் மூன்று விவசாயிகள் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் அங்கே இறந்தார்கள். விவசாயிகள் சங்கத்தின் நாராயணசாமி நாயுடு தலைமையில் 1972-ல் கட்டை வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்திக் கோவையையே முடக்கினார்கள். 1984-ல் சிறு விவசாயிகளுக்கும் 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. பட்டறைக்காரர்களிடம் பேசினால் சிலர் இந்த இலவசத்தைத்தான் குற்றம் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. மும்முனை மின்சாரம் தோட்டத்துக்கு வரும் நேரமும் யாரோ எங்கோ தீர்மானிப்பதுதான். நடுராத்திரியில் பாம்பு கிடக்கும் வரப்பில் டார்ச்சோடு மோட்டார் போடப் போகிறவனும், கணபதியில் கடிகாரம் பார்த்து உட்கார்ந்திருந்தவரும் ஒரே நிலையில்தான் இருந்தார்கள்.

சாயந்தரம் கணபதிக்கு வந்து சேர்ந்தேன். பட்டறை இருந்த இடத்தில் இப்போது ஒரு கூரியர் கிடங்கு. மாமா வீட்டுத் திண்ணையில் இருந்தார். நோட்டைக் கொடுத்தேன். மடித்த தாள் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார், உள்ளே தள்ளிவிட்டார். நான் படித்தது அவருக்குத் தெரிந்துவிட்டது.

“கரண்ட் போறதுகூடப் பரவால்ல கண்ணு” என்றார் கொஞ்ச நேரம் கழித்து. “எப்ப வரும்னு தெரியாம ஆளுகளைப் பாத்துட்டு உக்காந்திருக்கறது இருக்குதே. வீட்டுக்குப் போங்கடான்னு சொன்னா, அவங்க போன ஒடனே வந்துரும். இருங்கடான்னு சொன்னா வராது.”

திண்ணையில் அன்றைய நாளிதழ் கிடந்தது. அணைகளின் நீர்மட்டம் போடும் மூலை மேலே தெரியும்படி மடித்திருந்தது. அத்தை காபி கொண்டுவந்து வைத்தார்.

“மலையில மழை எப்படி?” என்றார் மாமா.

“நல்ல மழைங் மாமா. கிளென்மார்கன்ல குழாயே தெரியல.”

“குழாய் தெரியலீன்னா சரி” என்று சொல்லிவிட்டு டம்ளரை எடுத்தார்.